ஒளியின் வளைவை அளந்த எடிங்டன்

நேர்கோட்டுக்கு ஓர் எடுத்துக்காட்டுச் சொல்லுங்கள் என்று ஆசிரியை கேட்டால், வகுப்பில் பாதிப் பேராவது ஒளிக்கதிரைத்தான் சொல்வோம். சன்னல் இடுக்கு வழியே விழும் வெயிலில் தூசி மிதப்பதைப் பார்த்தவர்களுக்கு அதில் ஐயமே எழாது. ஆயினும் அந்த ஒளிக்கதிரும், சூரியனைப் போன்ற பெரும் பொருளின் அருகே செல்லும்போது மிக மிகச் சிறிதளவு வளைந்துதான் செல்கிறது. இந்த வளைவை 1919ஆம் ஆண்டிலே அளந்து உலகுக்குக் காட்டியவர்களுள் முதன்மையானவர் சர் ஆர்தர் ஸ்டான்லி எடிங்டன். இன்று தொலைவிலுள்ள விண்மீன் மண்டலங்களை ஈர்ப்பு வில்லையின் உதவியால் ஆராய்கிறார்களே, அந்தத் துறையின் தொடக்கத்தில் நிற்பவரும் இவரே. அவருடைய வாழ்க்கையில் வியக்கத்தக்கனவும் உண்டு, வருந்தத்தக்கனவும் உண்டு. இரண்டையுமே மாணவியர் அறிந்திருத்தல் நலம்.

இங்கிலாந்தின் வடபகுதியில் கெண்டல் என்னும் சிற்றூரில் 1882 டிசம்பர் 28 அன்று எடிங்டன் பிறந்தார். தந்தையார் அங்கே குவேக்கர் என்னும் நண்பர்கள் சபையார் நடத்திய பள்ளியின் தலைமை ஆசிரியர். குழந்தைக்கு இரண்டு வயது நிரம்புமுன்னே ஊரில் பரவிய விஷக்காய்ச்சல் தந்தையைக் கொண்டுபோயிற்று. அன்னையார் சாரா, மகள் வினிஃபிரெடையும் கைக்குழந்தையையும் அழைத்துக்கொண்டு வெஸ்டன்-சூப்பர்-மேர் என்ற கடற்கரை ஊருக்குக் குடிபெயர்ந்தார். வருமானம் சொற்பம். சிக்கனமும் செபமும்தான் அந்த வீட்டின் சொத்து.

எழுத்துக்கூட்டிப் படிக்க வருமுன்பே இருபத்து நான்காம் வாய்பாடு வரை அந்தச் சிறுவன் தலைகீழாக ஒப்பிப்பானாம். இரவானால் வெளியே வந்து வானத்து விண்மீன்களை எண்ணத் தொடங்கிவிடுவானாம். பத்து வயதில் ஒரு சிறு தொலைநோக்கி இரவலாகக் கிடைத்தது. அதன்பிறகு அவர் கண்ணை வானத்திலிருந்து யாராலும் இறக்க முடியவில்லை.

படிப்பெல்லாம் உதவித்தொகையிலேயே நடந்தது. பதினாறு வயது நிரம்புமுன்பே, 1898இல், மான்செஸ்டர் ஓவன்ஸ் கல்லூரியில் இடம் கிடைத்தது. அங்கிருந்து 1902இல் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி. கணிதத் தேர்வில் முதலிடம் பெறுபவருக்கு அங்கே சீனியர் ராங்ளர் என்று பட்டம். அதுவரை மூன்றாம் ஆண்டு மாணவர்களே பெற்றுவந்த அந்தச் சிறப்பை, 1904இல் இரண்டாம் ஆண்டிலேயே பெற்றுவிட்டார் எடிங்டன். 1906இல் கிரீனிச் அரசு வானாய்வுக்கூடத்தில் தலைமை உதவியாளரானார். விண்மீன்களின் இடத்தைக் கண்ணாடித் தட்டில் படமெடுத்து நுண்ணளவியால் அளக்கும் கலையை அங்கேதான் கசடறக் கற்றார். 1912இல் ஒரு முழுச் சூரிய கிரகணத்தைக் காணப் பிரேசில் நாட்டுக்குச் சென்றார். அன்று பெய்த மழையில் கிரகணமே தெரியவில்லை! கிரகணத்தை நம்பிக் கப்பலேறுவது எத்தகைய சூதாட்டம் என்பது அப்போதே அவருக்குத் தெரிந்துவிட்டது.

1913இல் கேம்பிரிட்ஜில் பேராசிரியர் பதவியும், மறு ஆண்டில் அங்குள்ள வானாய்வுக்கூடத்தின் இயக்குநர் பதவியும் வந்து சேர்ந்தன. அன்னையையும் தமக்கையையும் அழைத்துவந்து, கூடத்தை ஒட்டிய வீட்டிலே குடியேறினார். அவர் மணம் செய்துகொள்ளவில்லை. தமக்கையார் வினிஃபிரெட்தான் கடைசிவரை அந்த வீட்டை நடத்தினார்.

அந்நேரம் முதல் உலகப்போர் மூண்டது. இங்கிலாந்துக்கும் ஜெர்மனிக்கும் இடையே அஞ்சலும் நின்றது, அறிவியல் ஏடுகள் வருவதும் நின்றது. பெர்லினில் இருந்த ஐன்ஸ்டைன் 1915 இறுதியில் ஈர்ப்பைப் பற்றிப் புதிய கொள்கை ஒன்றை முடித்திருந்தார். போரில் சேராத ஹாலந்து நாட்டிலிருந்து டி சிட்டர் என்னும் வானியலார் அதைப் பற்றி எடிங்டனுக்கு எழுதி அனுப்பினார். எதிரி நாட்டில் பிறந்த கொள்கை என்று ஆங்கில அறிஞர் பலர் முகம் சுளித்த காலம் அது. எடிங்டன் மட்டும் அக்கடினமான கணிதத்தை உட்கார்ந்து கற்று, 1918இல் ஆங்கிலத்தில் அதைப் பற்றி முழு அறிக்கையும் எழுதிவிட்டார்.

இதே ஆண்டில் அவருக்கு ஒரு சோதனை வந்தது. கட்டாயப் படைச்சேர்ப்பிலிருந்து பல்கலைக்கழகம் அவருக்கு விலக்கு வாங்கித் தந்திருந்தது. 1918இல் அரசு அந்த விலக்கை நீக்க முற்பட்டது. எடிங்டன் நினைத்திருந்தால், நாட்டுக்கு இன்றியமையாத அறிஞர் என்ற காரணத்தைக் காட்டிவிட்டு வாய்மூடி இருந்திருக்கலாம். நண்பர்கள் வேண்டியதும் அதுவே. ஆனால் அவர் குவேக்கர். எந்தப் போரிலும் ஆயுதம் எடுக்கலாகாது என்பது அச்சபையாரின் கொள்கை. அறிஞன் என்பதற்காக விலக்குக் கிடைக்காவிட்டாலும், மனச்சான்றின்படி தாம் போரை மறுப்பவர் என்பதையும் எழுத்திலே தெரிவித்துவிட்டார். அப்படிச் சொன்னவர்கள் சிறைக்கும் வேலை முகாம்களுக்கும் அனுப்பப்பட்டுக்கொண்டிருந்தார்கள். சபையைச் சேர்ந்த அவருடைய நண்பர்கள் சிலரும் அவர்களுள் இருந்தார்கள்.

காப்பாற்றியது ஒரு கிரகணம். அரசு வானியலார் ஃபிராங்க் டைசன், 1919 மே 29 அன்று வரவிருந்த முழுச் சூரிய கிரகணத்தைச் சுட்டிக்காட்டி நடுவர் மன்றத்துக்குக் கடிதம் எழுதினார். அன்று சூரியன் நிற்கப்போவது ஹயடீஸ் கூட்டத்தின் நடுவே. நம் ரோகிணியை ஒட்டிக் கொத்தாகத் தெரியும் விண்மீன்கள் அவை. அவ்வளவு ஒளிமிக்க விண்மீன்கள் சூரியனைச் சூழ்ந்து நிற்கும்போது கிரகணம் நேர்வது மிக அரிது. ஐன்ஸ்டைன் கொள்கையைச் சோதிக்க அதைவிட நல்ல நாள் பல்லாண்டுகளுக்கு வாராது, அதற்கு எடிங்டனை விட்டால் வேறு ஆளில்லை என்பது டைசனின் வாதம். மன்றம் பன்னிரண்டு மாத விலக்கு அளித்தது. கிரகணப் பயணத்துக்கு ஆயத்தம் செய்யவேண்டும் என்பது நிபந்தனை. மனச்சான்றுக்காக வாதாடி நின்றவருக்குத் தண்டனையாகக் கிடைத்தது கிரகணம் பார்க்கும் வேலை!

சோதனை இதுதான். விண்மீனின் ஒளி சூரியனின் விளிம்பை உரசிக்கொண்டு வரும்போது வளைந்தால், அந்த விண்மீன் தன் உண்மையான இடத்திலிருந்து சற்று வெளிப்புறமாக விலகித் தெரியும். பகலில் சூரியனுக்குப் பக்கத்தில் விண்மீன் தெரியாது. முழுக் கிரகணத்தின் சில நிமிடங்களில் மட்டும் தெரியும். அப்போது ஒரு படம், அதே விண்மீன்கள் இரவில் தெரியும் மாதத்தில் மற்றொரு படம் எடுத்து, இரண்டையும் ஒப்பிடவேண்டும். ஐன்ஸ்டைன் கணக்குப்படி சூரிய விளிம்பில் விலக்கம் 1.75 விகலை. நியூட்டன் வழியில் கணக்கிட்டால் அதில் சரிபாதி, 0.87 விகலை. ஒரு பாகையை 3,600 கூறாக்கினால் ஒரு கூறே விகலை. 25 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு நாணயத்தை மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வைத்துப் பார்த்தால் எவ்வளவு சிறிதாகத் தெரியுமோ, ஏறக்குறைய அவ்வளவே 1.75 விகலை. எடிங்டன் கொண்டுசென்ற தொலைநோக்கியின் கண்ணாடித் தட்டில் ஒரு விகலை என்பது ஒரு மில்லிமீட்டரில் அறுபதில் ஒரு பங்கு.

மேகம் ஓரிடத்தில் மூடினாலும் மற்றோரிடத்தில் திறந்திருக்கலாம் என்று இரண்டு குழுக்கள் புறப்பட்டன. கிராம்மெலின், டேவிட்சன் ஆகிய இருவரும் பிரேசிலில் உள்ள சோப்ரால் நகருக்கு. எடிங்டனும் காட்டிங்ஹாம் என்னும் கடிகாரக் கைவினைஞரும் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால் உள்ள பிரின்சிபே தீவுக்கு. 1919 மார்ச் 8 அன்று லிவர்ப்பூல் துறைமுகத்திலிருந்து நால்வரும் ஒரே கப்பலில் கிளம்பினார்கள்.

இங்கே ஒரு குருவானவரைப் பற்றிச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. ஸ்டோனிஹர்ஸ்ட் கல்லூரியைச் சேர்ந்த இயேசு சபைக் குரு கார்ட்டி அடிகளார் சிறந்த சூரிய ஆய்வாளர். சோப்ராலுக்கு முதலில் செல்வதாக இருந்தவர் அவரே. பணிகளை விட்டுவர இயலாமற்போனதால் அவருக்குப் பதிலாகக் கிராம்மெலின் சென்றார். ஆயினும் அடிகளார் ஓர் ஆலோசனை சொன்னார். 1914 கிரகணத்துக்கு ஸ்வீடனில் தாம் பயன்படுத்திய நான்கங்குல வில்லை ஒன்று இருக்கிறது, அயர்லாந்து ராயல் கழகத்துக்குச் சொந்தமானது, பெரிய தொலைநோக்கியோடு துணைக்கருவியாக அதையும் எடுத்துச் செல்லுங்கள் என்பதே அது. பெட்டியோடு பெட்டியாக அந்தச் சிறு வில்லையும் கப்பலேறிற்று. அதன் அருமை பிறகு விளங்கும்.

பிரின்சிபேயில் எடிங்டனும் காட்டிங்ஹாமும் ஏப்ரல் 23 அன்று இறங்கினார்கள். சுண்டி என்ற கோகோ தோட்டத்தில் கருவிகளை நிறுத்தினார்கள். கிரகண நாளன்று காலையில் இடியும் மழையும் கொட்டித் தீர்த்தன. பிரேசில் மழை எடிங்டன் நினைவுக்கு வந்திராமல் இருக்குமா? நண்பகலுக்கு மழை விட்டது. கிரகணம் பற்றத் தொடங்கிய பிறகே மேகத்துக்கிடையே சூரியன் மங்கலாகத் தெரிந்தது. முழு மறைவு பிற்பகல் இரண்டு மணிக்குச் சற்றுப் பின்னர். ஐந்து நிமிடமும் இரண்டு விநாடியும் இருள். வேறு வழியில்லாமல், மேகத்தை நம்பி வேலையைத் தொடங்கினார்கள். கண்ணாடியைத் திருப்பும் கடிகாரப் பொறியைக் காட்டிங்ஹாம் பார்த்துக்கொள்ள, எடிங்டன் தட்டுகளை மாற்றிக்கொண்டே இருந்தார். பதினாறு தட்டுகள். உலகம் காணத் துடிக்கும் அந்தக் காட்சியை எடிங்டன் நிமிர்ந்து பார்க்கவேயில்லை. தொடங்கிவிட்டதா என்று ஒருமுறையும், மேகம் எவ்வளவு இருக்கிறது என்று நடுவில் ஒருமுறையும் பார்த்தார், அவ்வளவுதான். ஆயிரக்கணக்கான மைல் கடல் கடந்து போனவர்!

கடைசி ஆறு தட்டுகளில்தான் விண்மீன்கள் ஓரளவு விழுந்தன. அளக்கத் தகுதியாய் நின்றவை இரண்டே தட்டுகள். ஒவ்வொன்றிலும் ஐந்து விண்மீன்கள். ஜூன் 3 அன்று, தீவிலேயே ஒரு தட்டை நுண்ணளவியில் வைத்து அளந்தபோது, விலக்கம் ஐன்ஸ்டைன் சொன்ன பக்கமே சாய்வதைக் கண்டார். தம் வாழ்வில் மிகப்பெரிய கணம் அதுவே என்று பிற்காலத்தில் நினைவு கூர்ந்ததுண்டு. கப்பல் தொழிலாளர் வேலைநிறுத்தம் வரக்கூடும் என்றதால், ஒப்பீட்டுப் படம் எடுக்கத் தங்காமல் ஜூன் 12 அன்றே தீவை விட்டுக் கிளம்பவேண்டியதாயிற்று. ஒப்பீட்டுக்குரிய படங்கள் ஆக்ஸ்ஃபோர்டில் அதே வில்லையால் முன்பே எடுக்கப்பட்டிருந்தன. ஆனால் ஆக்ஸ்ஃபோர்டுக் குளிரில் எடுத்த படத்தையும் தீவின் வெப்பத்தில் எடுத்த படத்தையும் ஒப்பிடலாமா? கருவியே மாறியிருந்தால்? அதைக் கண்டறிய, சூரியனுக்குச் சம்பந்தமே இல்லாத சுவாதி விண்மீனைச் சுற்றிய பகுதியை இரண்டு இடத்திலும் படமெடுத்து வைத்திருந்தார் எடிங்டன். அங்கே விலக்கம் ஏதும் தெரியவில்லை. எனவே தட்டில் கண்ட விலக்கம் கருவியின் குறை அன்று என்று துணிந்தார். இந்தச் சுவாதித் தட்டுகளை வாசகியர் மறவாதிருக்க வேண்டுகிறேன்.

சோப்ராலில் நேர்ந்தது வேறு கதை. அங்கே கிரகண நேரத்தில் வானம் தெளிந்தது. பெரிய தொலைநோக்கியில் தட்டுகள் பல, சிறு வில்லையில் எட்டு. அன்றிரவே பெரிய தொலைநோக்கியின் தட்டுகள் சிலவற்றைக் கழுவிப் பார்த்தபோது நெஞ்சு பகீரென்றது. விண்மீன்கள் புள்ளியாக விழாமல் கலங்கிப் பரந்து கிடந்தன. முன்னிரவு சரியாக வைத்த குவியம் எப்படி மாறிற்று? வெயிலில் கண்ணாடி சூடேறி அதன் வடிவம் பிசகியிருக்கவேண்டும் என்று கருதினார்கள். ஜூலையில் அதே விண்மீன்கள் விடியற்காலையில் தெரியும்வரை காத்திருந்து ஒப்பீட்டுப் படம் எடுத்தபோது, யாரும் கை வைக்காமலேயே குவியம் பழைய நிலைக்கு வந்திருந்தது! கார்ட்டி அடிகளார் சொன்ன நான்கங்குல வில்லையோ, கிரகணத்தின்போதும் ஊசிமுனைபோல் தெளிவாகப் படம் தந்திருந்தது. எட்டில் ஏழு தட்டுகள் தேறின, ஏழு விண்மீன்களோடு.

இப்போது மேசைமீது மூன்று விடைகள். பிரின்சிபே 1.61 விகலை. சோப்ரால் சிறு வில்லை 1.98. சோப்ரால் பெரிய தொலைநோக்கி 0.93. மூன்றாவது எண்ணைப் பாருங்கள். அது நியூட்டன் பக்கம் நிற்கிறது! எதை ஏற்பது, எதைத் தள்ளுவது?

பிடித்த எண்ணை வைத்துக்கொண்டு பிடிக்காததைத் தள்ளிவிட்டார்கள் என்று பிற்காலத்தில், குறிப்பாக 1980க்குப் பின், சிலர் எடிங்டன்மீது குற்றம் சாட்டினார்கள். போரை வெறுத்தவர், இரு நாட்டு அறிஞரும் கைகோக்கவேண்டும் என்று விரும்பியவர், ஆகவே ஜெர்மனியிலிருந்து வந்த கொள்கை வெல்லவேண்டும் என்று மனம் சாய்ந்துவிட்டது என்பது அவர்கள் வாதம். அவர் மனம் சாய்ந்திருந்தது உண்மையே. அதை அவர் மறைத்ததும் இல்லை. ஆனால் சோப்ரால் தட்டுகளை அளந்ததும், பெரிய தொலைநோக்கியின் விடையை ஒதுக்கியதும் டைசனின் கிரீனிச் குழு, எடிங்டன் அல்லர். டைசனோ கொள்கையைப் பற்றி ஐயத்தோடு இருந்தவர். ஒதுக்கியதற்குக் காரணமும் வெளிப்படையாக எழுதப்பட்டது. சூட்டினால் படத்தின் அளவு முழுவதும் சற்றுப் பெருத்தாலும் விண்மீன்கள் விலகித்தான் தெரியும். ஆனால் அந்த விலகல் நடுவிலிருந்து தள்ளிப்போகப் போக மிகும். ஒளி வளைவதால் வரும் விலகலோ தள்ளிப்போகப் போகக் குறையும். தெளிந்த படத்தில் இரண்டையும் பிரித்துவிடலாம். கலங்கிய படத்தில் ஒன்று மற்றொன்றோடு கலந்துவிடும். அளவு மாறவில்லை என்று வைத்துக்கொண்டு அதே தட்டுகளைக் கணக்கிட்டால் விடை 1.52 என்று வந்தது. ஆக, அந்தத் தொலைநோக்கியின் எண் கணக்கிடும் முறைக்கேற்பத் தாவியது. மூன்று எண்ணையும் ஒளிக்காமல் அச்சிட்டு, எதை ஏன் நம்பவில்லை என்பதையும் எழுதிவைத்தார்கள். என் சிறு கருத்தில், இதைவிட நேர்மையாக நடந்துகொள்ள வழியில்லை.

1919 நவம்பர் 6 அன்று லண்டனில் ராயல் கழகமும் வானியல் கழகமும் கூடிய அவையில் முடிவு அறிவிக்கப்பட்டது. மறுநாளே ஐன்ஸ்டைன் பெயர் உலகெங்கும் பரவிற்று. 1922இல் ஆஸ்திரேலியாவின் வாலல் கடற்கரையில் கிரகணத்தைப் படமெடுத்த அமெரிக்க லிக் ஆய்வுக்கூடத்தார் 1.72 என்று அளந்து உறுதி செய்தார்கள். அதே இடத்துக்கு நம் கொடைக்கானல் வானாய்வுக்கூடத்திலிருந்து எவர்ஷெட் அவர்களும் கருவிகளோடு சென்றிருந்தார். கருவி ஒத்துழைக்காததால் அவர் முயற்சி பலிக்கவில்லை. சோப்ரால் தட்டுகள் மட்டும் பத்திரமாகக் காக்கப்பட்டு, 1979இல் புதிய அளவுப்பொறியிலும் கணிப்பொறியிலும் மீண்டும் அளக்கப்பட்டன. சிறு வில்லை 1.90 தந்தது. கலங்கிய பெரிய தொலைநோக்கித் தட்டுகள், அறுபது ஆண்டு கழித்து, 1.55 தந்தன!

அந்த 1979இலேயே மற்றொன்றும் நடந்தது. ஒரே குவாசார் இரண்டாகத் தெரிவதை வானியலார் கண்டுபிடித்தார்கள். இடையே நின்ற விண்மீன் மண்டலம் ஒளியை இருபுறமும் வளைத்து இரட்டைப் பிம்பம் காட்டியது. ஈர்ப்பால் இப்படி இரட்டைப் பிம்பம் தோன்றக்கூடும் என்று எடிங்டன் 1920இலேயே தம் நூலில் எழுதியிருந்தார். விண்மீனுக்கு அது மிக மங்கலாக இருக்கும் என்றும் கணக்கிட்டுக் காட்டினார். விண்மீன் மண்டலங்கள் வில்லையாகும் என்று 1937இல் சொன்னவர் சுவிக்கி.

இன்று ஈர்ப்பு வில்லைகள் நூற்றுக்கணக்கில் அறியப்பட்டிருக்கின்றன. வில்லையாக நிற்கும் மண்டலத்தில் பொருள் எங்கெங்கே எவ்வளவு இருக்கிறது, கண்ணுக்குப் புலப்படாத இருட்பொருள் எவ்வளவு என்பதைப் பிம்பங்களைக் கொண்டு கணக்கிடுகிறார்கள். நுண்ணளவிக்குப் பதில் கணிப்பொறி நிரல்கள். லென்ஸ்டூல், கிளாஃபிக், லென்ஸ்ட்ரானமி, பை-ஆட்டோலென்ஸ் என்று பல உள்ளன. நிரலின் உட்புறத்தை எவரும் திறந்து பார்க்கலாம், பிழை கண்டால் திருத்தலாம், விலை இல்லை. அவற்றை எழுதியவர்கள் அவ்வாறே பொதுவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் பழைய கேள்வி போகவில்லை. ஒரே படத்தை இரண்டு நிரல்களில் இட்டு இரண்டு விடை வந்தால் எதை நம்புவது?

வானியலார் கையாளும் வழியும் பழையதே. கணிப்பொறிக்குள்ளேயே பொய்யான விண்மீன் மண்டலக் கூட்டங்களைப் படைத்து, அவற்றின் பொருள் அளவை மறைத்து வைத்து, படத்தை மட்டும் பல குழுக்களுக்குத் தந்தார்கள். ஏரிஸ், ஹேரா என்று அந்த இரண்டு பொய்க் கூட்டங்களுக்குப் பெயரும் இட்டார்கள். ஒவ்வொரு குழுவும் தன் நிரலால் கணக்கிட்டு அனுப்பியது. பின்னர் உண்மை விடையோடு ஒப்பிட்டு, எந்த முறை எங்கே தவறுகிறது என்று 2017இல் வெளியிட்டார்கள். விடை தெரிந்த ஒன்றை முதலில் அளந்து பார்த்துக் கருவியைச் சோதிப்பது! எடிங்டனின் சுவாதித் தட்டுகள் செய்த வேலையல்லவா இது? 2022இல் வெளியான மற்றோர் ஆய்வில், இரண்டு குழுக்கள் ஒரே ஈர்ப்பு வில்லையை இரண்டு மென்பொருள்களால் தனித்தனியே கணக்கிட்டன. முடியும்வரை ஒருவர் விடையை மற்றவர் பார்ப்பதில்லை என்பது ஏற்பாடு. விடைகள் சற்று வேறுபட்டன. துருவிப் பார்த்தபோது கிடைத்த காரணங்களுள் ஒன்று, புள்ளி ஒளி கருவியில் எவ்வளவு பரந்து விழுகிறது என்பதை இரு குழுவினரும் வெவ்வேறு நுட்பத்தில் கணித்திருந்தது. சோப்ராலின் கலங்கிய விண்மீன்களை இங்கேயும் காண்கிறோம்.

எடிங்டனிடம் திரும்புவோம். 1919 டிசம்பரில் கேம்பிரிட்ஜில் கிரகணப் பயணத்தைப் பற்றி அவர் சொற்பொழிவாற்றினார். நியூனம் மகளிர் கல்லூரிக்குக் கிடைத்தவை சில நுழைவுச் சீட்டுகளே. ஒரு தோழி போக இயலாமற்போனதால் அந்தச் சீட்டு தாவரவியல் படித்துக்கொண்டிருந்த சிசிலியா பெயின் என்ற பத்தொன்பது வயது மாணவிக்குக் கிடைத்தது. சொற்பொழிவு முடிந்து விடுதி அறைக்குத் திரும்பியவர், கேட்டதையெல்லாம் சொல் பிசகாமல் எழுதிவிட்டார். மூன்று இரவுகள் தூக்கம் வரவில்லையாம். தாவரவியலை விட்டு இயற்பியலுக்கு மாறினார். பின்னர் வானாய்வுக்கூடம் பொதுமக்களுக்குத் திறந்திருந்த ஓர் இரவில் அங்கே போய்க் கேள்வி மேல் கேள்வி கேட்க, பதில் சொல்ல முடியாத உதவியாளர் எடிங்டனைத் தேடி ஓடினார். வானியலார் ஆகவேண்டும் என்று அப்பெண் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, கடக்கமுடியாத தடை எதுவும் தமக்குத் தெரியவில்லை என்று எடிங்டன் அமைதியாக மறுமொழி கூறினார். நூலகத்தைத் திறந்துவிட்டார். ஆய்வுக்குக் கணக்கும் தந்தார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் பெண்களுக்கு முழுப்பட்டம் அளித்தது 1948இல்தான் என்பதை எண்ணிப் பாருங்கள். சிசிலியா அமெரிக்கா சென்று, விண்மீன்கள் பெரும்பாலும் ஹைட்ரஜனால் ஆனவை என்பதை 1925இல் முதன்முதலாக ஆய்ந்து எழுதினார். கனடாவிலிருந்து வந்து எடிங்டனிடம் பயின்ற விபர்ட் டக்ளஸ் அம்மையார்தான் பின்னாளில் அவர் வாழ்க்கை வரலாற்றை எழுதியவர்.

1923இல் குருப்பட்டம் பெற்ற கையோடு பெல்ஜியத்திலிருந்து அவரிடம் படிக்க வந்தவர் ஜார்ஜ் லெமைட்டர் அடிகளார். அண்டம் விரிகிறது என்று அடிகளார் 1927இல் எழுதிய கட்டுரையை எடிங்டன் முதலில் கவனிக்காமல் விட்டுவிட்டார். 1930இல் நினைவூட்டப்பட்டதும், தம் தவறை ஒப்புக்கொள்வதுபோல் அதை எங்கும் எடுத்துப் பேசி, மறு ஆண்டில் ஆங்கிலத்தில் வெளிவரச் செய்தார். அண்டத்துக்கு ஒரு தொடக்கம் உண்டு என்ற கருத்து மட்டும் குவேக்கரான அவருக்குப் பிடிக்கவில்லை, குருவானவருக்குப் பிடித்தது.

நம் நாட்டவருக்கு அவரால் ஏற்பட்ட காயம் ஒன்று உண்டு. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு 1930இல் கப்பலேறிய தமிழ்க் குடும்பத்து இளைஞர் சுப்பிரமணியன் சந்திரசேகர், வயது முதிர்ந்து எரிபொருள் தீர்ந்த விண்மீன், சூரியனைப்போல் ஏறக்குறைய 1.4 மடங்குக்கு மேல் கனமிருந்தால் வெண்குள்ளனாக நிலைபெற முடியாது என்று கணக்கிட்டார். கேம்பிரிட்ஜில் அவர் கணக்குப் போடுவதை எடிங்டன் அடிக்கடி வந்து பார்ப்பார், பேசுவார், வாயார விசாரிப்பார். 1935 ஜனவரி 11 அன்று வானியல் கழகக் கூட்டத்தில் சந்திரசேகர் தம் முடிவைப் படித்தார். அடுத்து எழுந்த எடிங்டன், எவ்வித முன்னறிவிப்பும் இல்லாமல், அதை நகைச்சுவையாக்கி அவையைச் சிரிக்க வைத்துவிட்டார். விண்மீன் அப்படி முடிவின்றிச் சுருங்குவதை இயற்கை அனுமதியாது என்பது அவர் கட்சி. எண்ணைத் தந்த தட்டு பிடிக்காவிட்டாலும் அதையும் அச்சிட்டவர், இங்கே கணக்கு காட்டிய வழி பிடிக்கவில்லை என்று அதை ஏற்க மறுத்தார். இருபத்து நான்கு வயது இளைஞர் தலை கவிழ்ந்து வெளியேறினார். அவர் பக்கமே உண்மை இருந்தது. 1983இல் நோபல் பரிசும் வந்தது. ஆனால் எடிங்டன் இருக்கும்வரை அந்தக் கருத்துக்கு உரிய மதிப்புக் கிடைக்கவில்லை.

இதில் வியப்பு என்னவென்றால், இருவருக்கும் நட்பு முறியவில்லை. மிதிவண்டி ஓட்டுவதில் எடிங்டனுக்குப் பெரு விருப்பம். இத்தனை நாட்கள் இத்தனை மைலுக்குக் குறையாமல் ஓட்டினேன் என்று கணக்கு வைப்பார். அதிலும் அவருக்கென ஒரு விதி. எண் ஐம்பது என்றால், ஐம்பது வெவ்வேறு நாட்களில் ஐம்பது மைலாவது ஓட்டியிருக்கவேண்டும். எழுபதைத் தாண்டிய அந்த எண்ணைச் சந்திரசேகருக்குக் கடிதத்தில் எழுதுவார். சந்திரசேகர் 1944இல் ராயல் கழக உறுப்பினராவதற்கு ஆதரவு தந்தவர்களுள் எடிங்டனும் ஒருவர். எடிங்டன் பிறந்த நூற்றாண்டான 1982இல் கேம்பிரிட்ஜ் வந்து நினைவுச் சொற்பொழிவாற்றி, அக்காலத்து வானியற்பியலாரில் தலைசிறந்தவர் அவரே என்று போற்றியவர் சந்திரசேகர்.

1930இல் சர் பட்டமும், 1938இல் ஆர்டர் ஆஃப் மெரிட் என்னும் உயர் விருதும் எடிங்டனைத் தேடி வந்தன. பிற்காலத்தில் இயற்கையின் எண்களையெல்லாம் தூய சிந்தனையாலேயே வருவித்துவிடலாம் என்று ஒரு பெருங்கணக்கில் மூழ்கினார். சக அறிஞர்கள் அதைப் பின்பற்றவில்லை. அந்த நூல் முடியுமுன்பே, 1944 நவம்பர் 22 அன்று, புற்றுநோயால் தமது அறுபத்தோராம் வயதில் காலமானார். அவருடைய சாம்பல் கேம்பிரிட்ஜ் கல்லறைத் தோட்டத்தில், அன்னையார் சாராவின் கல்லறையிலேயே வைக்கப்பட்டிருக்கிறது.